உங்கள் ஹீரோவுக்கு அம்மா இருக்கிறாரா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரோல்பிளேயிங் கேம்கள், அதாவது ஒரு ஆளாக மாறிக் கதைக்குள் ஆடுகிற விளையாட்டுகள் பற்றியவை. அதிலும் பால்டர்ஸ் கேட் 3 தொடங்கியவர்கள் பலர், கேரக்டர் உருவாக்கும் திரையைத் தாண்டாமலேயே நிற்கிறார்கள். கிளாஸ் (ஆளின் தொழில், சண்டை பாணி), பேக்ரவுண்டு (எப்படி வளர்ந்தவர்) எல்லாம் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் அது. சண்டையில் பலமாக அடிக்கிற பில்ட் (கிளாஸ், திறன்களின் சேர்க்கை) சொல்லித்தர யூடியூபில் ஆட்கள் நிறைய. கதைக்காக ஒரு ஆளை உருவாக்குவது எப்படி என்று கேட்டவர்களுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

"அக்கா, எனக்கு 23 வயசு. எங்கப்பாவோட விசைப்படகுல கடலுக்குப் போறேன். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் படகு நிக்கும். அப்போ பால்டர்ஸ் கேட் 3 ஆடலாம்னு ஃப்ரெண்டோட கம்ப்யூட்டரைக் கேட்டு வெச்சிருக்கேன். எங்கப்பா மாதிரி ஒரு ஆளை வெச்சு ஆடணும்னு ஆசை. ஆனா இருக்கிற 12 கிளாஸ்ல மீனவர் இல்ல, பேக்ரவுண்டுலயும் கடல்காரன் இல்ல. பாலடின் எடு, அடி சூப்பரா விழும்ன்றாங்க. பேக்ஸ்டோரியும் எழுதிட்டேன்: கடல் அரக்கன் ஊரையே அழிச்சிட்டான், குடும்பத்துல ஒருத்தரும் மிச்சமில்ல, பழிவாங்கக் கிளம்புறான். கரெக்டா?"
காசிமேட்டு வாசகர்

தம்பி, பேக்ஸ்டோரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குடும்பத்தை ஏன் கொன்றீர்கள்?

தண்டையார்பேட்டையில் எங்கள் கேம் சென்டருக்கு மேலே, மொட்டைமாடியில், ஞாயிறு சாயங்காலம் பேப்பரும் பகடையும் வைத்து, பால்டர்ஸ் கேட் 3-க்கே அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். முதல் தடவை வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதே ஆளைத்தான் கூட்டி வருகிறார்கள். ஊர் எரிந்துவிட்டது, அப்பா அம்மா இல்லை, தலையில் முக்காடு, யாரோடும் பேசமாட்டான். அவனை வைத்துக்கொண்டு கதை நடத்துகிற நான் என்ன செய்ய? அவனைப் பயமுறுத்த எதையும் காட்ட முடியாது. ஆசை காட்டவும் ஒன்றுமில்லை. இழக்க ஏதுமில்லாதவனுக்கு எந்த முடிவும் சுலபம். வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்று வையுங்கள், அதே முடிவை எடுக்கக் கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகத்தானே கதையாக ஆடுகிறோம்?

உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். அவரைப் பாருங்கள். தடைக்காலத்தில் அவர் சும்மாவா இருக்கிறார்? வலையைத் தரையில் விரித்துக் கிழிசல் தேடுவார். படகைக் கரையேற்றிப் பலகை பார்த்து, பெயின்ட் அடிக்க வைப்பார். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். காத்து கச்சானா வாடையா என்று முகத்தைத் திருப்பியே சொல்வார். யாராவது தப்பாகப் பேசினால் நயமாகச் சொல்லத் தெரியாது, பட்டென்று கேட்டுவிடுவார். (அவரைப் பார்த்ததில்லை. ஆனால் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவள், இந்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.) அரக்கனை விட அந்த முன்பணம் பெரிய விஷயம். அதைக் கேரக்டருக்குக் கொடுங்கள். ஒரு படகு, அதில் அண்ணனுக்கும் பங்கு, ஊரில் அடைக்க வேண்டிய கடன், கூடவே கடலுக்கு வருகிற ஒரு மகன்.

இந்த கேமின் தொடக்கம் உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. மைண்ட் ஃப்ளேயர் என்கிற ஜீவன்கள் நாட்டிலாய்ட் என்னும் பறக்கும் கப்பலில் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய், கண் வழியாக மண்டைக்குள் ஒரு புழுவை விடுகின்றன. நீங்கள் கண் விழிப்பது அந்தக் கப்பலுக்குள். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் உங்கள் ஆள் எங்கே இருந்தார் என்று கேம் கேட்காது. நீங்கள் கேளுங்கள். வலை பாதி தூக்கியிருந்ததா? மகன் பக்கத்தில் நின்றானா? அவனையும் தூக்கினார்களா, படகிலேயே விட்டார்களா? அது அவருக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அகதிகளாக வந்த டீஃப்லிங்குகள் (கொம்பும் வாலும் உள்ள இனத்தவர்) பிள்ளைகளோடு தோப்பில் அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்கும்போது உங்கள் விரல் எந்தப் பதிலை அழுத்தும் என்று பாருங்கள்.

இப்போது எண்கள். எல்லாத் திறனும் 8-ல் தொடங்கும், பங்கிட 27 புள்ளிகள். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. 14-க்கு மொத்தம் 7, 15-க்கு மொத்தம் 9. உங்கள் அப்பாவுக்கு இப்படிப் போடலாம்: ஸ்ட்ரெங்த் (பலம்) 15, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 12, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14, விஸ்டம் (அனுபவ அறிவு) 14. இதிலேயே 27-ம் தீர்ந்துவிடும். இன்டெலிஜென்ஸும் கரிஸ்மாவும் (பேச்சால் கவரும் திறன்) 8-லேயே நிற்கட்டும். மேற்கொண்டு கேம் தருகிற +2-ஐ விஸ்டத்திலும் +1-ஐ ஸ்ட்ரெங்த்திலும் வைத்தால் இரண்டும் 16 ஆகிவிடும். இன்டெலிஜென்ஸ் 8 என்றதும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆட்டத்தில் அது மந்திர நூல், வரலாறு மாதிரியான ஏட்டறிவு. காற்றைப் படிப்பதும், எதிரில் நிற்பவன் பொய் சொல்வதைப் பிடிப்பதும் விஸ்டம் கணக்கில் வரும். கரிஸ்மா 8-ஐ மட்டும் தயவுசெய்து உயர்த்தாதீர்கள். நல்ல மனசும் மோசமான வாயும் உள்ள ஆள், பேசியே தீர்க்க வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகிற சிறந்த காட்சிகள்.

கிளாஸுக்கு ரேஞ்சர் (காடு மேடு அறிந்த வேட்டைக்காரர்) எடுங்கள். லெவல் 1-லேயே ரேஞ்சர் நைட் என்று ஒரு தேர்வு வரும். அதை எடுத்தால் கனத்த கவசம் போடலாம், வில்லை நம்பியிராமல் கைபலத்தோடு முன்னால் நின்று சண்டை போடலாம். பேக்ரவுண்டுக்கு அவுட்லேண்டர். ஊர் எல்லைக்கு வெளியே வளர்ந்தவருக்கானது அது. அத்லெடிக்ஸும் சர்வைவலும் கூட வரும். கடலும் ஊருக்கு வெளியேதானே? பாலடினை இன்னொரு ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சத்தியம் செய்து கொடுத்த வீரன் அவன், அதை மீறினால் ஓத்பிரேக்கராக மாறிவிடுவான். அருமையான கதை, ஆனால் உங்கள் அப்பாவுடைய கதை இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்த கேம் கதையின் மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் போனதும் துறைமுகம் வரும். அங்கே கடல் தெய்வம் அம்பர்லீக்குக் கோயிலும் உண்டு. அன்பால் கும்பிடுகிற தெய்வம் இல்லை அது, பயந்து காணிக்கை போடுகிற தெய்வம். உங்கள் ஆளோடு அங்கே போய் நிற்கும்போது அவசரப்பட்டு எதையும் கிளிக் செய்துவிடாதீர்கள்.

"தாத்தா அந்தக் காலத்தில் சார்பட்டா பரம்பரையில் குத்துச்சண்டை போட்டவர். அந்த நினைவாக, வெறுங்கையால் சண்டை போடுகிற மாங்க் கிளாஸில் தோல்வியே காணாத வீரனை உருவாக்கியிருக்கிறேன். கதை ஏனோ ஒட்டவில்லை."
ராயபுரம் வாசகர்

தாத்தா சொன்ன கதைகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். தான் ஜெயித்ததை எத்தனை தடவை சொன்னார், வாத்தியாரைப் பற்றி எத்தனை தடவை சொன்னார்? இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரர்களோடு மோதியதைச் சொல்லும்போதுகூட அதில் வாத்தியார் வந்திருப்பார். உங்கள் மாங்க்குக்கு வாத்தியார் யார்? அவருக்குக் கொடுத்த வாக்கு என்ன? வாத்தியாருக்குப் பெயர் வையுங்கள். ஒட்டும்.

வாக்கு என்றால் ஆட்டத்தில் தெரிகிற மாதிரி இருக்கட்டும். "கீழே விழுந்தவனைக் கொல்லமாட்டேன்" என்று வைத்துக்கொண்டால், பாஸிவ் பட்டியலில் நான்-லீத்தல் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்துவிடுங்கள். கையால் அடிப்பதற்கும் பக்கத்தில் நின்று ஆயுதத்தால் அடிப்பதற்கும் அது செல்லும். கடைசி அடியில் எதிரி சாகாமல் மயங்கி விழுவான். அம்புக்கும் மந்திரத்துக்கும் செல்லாது. எல்லா இடத்திலும் கதை உங்கள் கருணையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று உறுதி தரமாட்டேன். உங்கள் ஆள் எடுத்துக்கொள்வார் அல்லவா, அது போதும்.

"பால்டர்ஸ் கேட் 3-ல பகடை சரியா விழலைன்னா உடனே பழைய சேவ் ஃபைலை லோடு பண்ணிடுவேன். கதைக்காக ஆடுறவங்க அப்படிப் பண்ணக் கூடாதுன்னு கிளாஸ்மேட் சண்டை போடுறான். என் காசு, என் கேம். என்ன தப்பு?"
பெரம்பூர் வாசகி

தப்பு ஒன்றுமில்லை. உங்கள் ஆட்டம், உங்கள் இஷ்டம். ஆனால் என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு லோடு செய்யுங்கள். (இந்த கேம் கதையின் முதல் பகுதியை இன்னும் ஆடாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.)

தோப்புக்குள் ஒரு இடம். அரபெல்லா என்ற டீஃப்லிங் சிறுமி, கோயில் சிலையைத் திருடப் பார்த்தாள் என்று பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பிடித்துவைத்திருப்பவள் காகா, அங்கே இருக்கிற ட்ரூயிட்களின் (இயற்கையை வணங்கும் மந்திரக்காரர்கள்) தலைவி. அவள் வளர்க்கிற பாம்பு, குழந்தைக்குக் கைக்கெட்டும் தூரத்தில். நீங்கள் பேசித்தான் மீட்க வேண்டும். பகடை உருளும். குறைவாக விழுந்தால் குழந்தை பயந்து ஓடுவாள், பாம்பு கொத்திவிடும். அவ்வளவுதான், செத்துப்போவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே தோப்பில்தான் மகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் யாருக்கும், பழைய சேவ் ஃபைலை லோடு செய்கிற எஃப்8 பட்டன் பக்கம் கை போகும். நான் சொல்வது, போட்ட கையை எடுத்துவிட்டு அந்தப் பெற்றோர் இருக்கும் இடத்துக்கு நடங்கள். உங்கள் ஆள் அவர்கள் முகத்தைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு காகாவிடம் எப்படி நடந்துகொள்வார்? குழந்தைகள் இருக்கிற இடத்தில் வாயைக் கொடுக்க யோசிப்பாரா? இதை எந்த பேக்ஸ்டோரியிலும் முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. பகடைதான் எழுதும். அந்த ஆட்டத்தின் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் தோல்வி, 20 விழுந்தால் எவ்வளவு கஷ்டமானாலும் வெற்றி. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. ஆகவே எவ்வளவு கெட்டிக்கார ஆளும் எப்போதாவது சறுக்குவார்.

எங்கள் மாடியில் கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி பாடகி கேரக்டர் ஆடினாள். வாய்ச்சாலக்காரி. கோட்டை வாசலில் காவலனிடம் அவள் சொன்ன பொய்க்கு 1 விழுந்தது, கூட வந்த கிழவர் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் பாடகி பொய் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் ஒரு கணம் தயங்குவாள், யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. கிழவரை மீட்கிறதே அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் கதையாக ஆகிவிட்டது.

சமரசமாக ஒரு வழி: இன்ஸ்பிரேஷன். நீங்கள் எடுத்த பேக்ரவுண்டுக்குப் பொருத்தமான காரியம் செய்தால் ஒரு புள்ளி கிடைக்கும், 4 வரை சேர்த்துவைக்கலாம். ஒரு புள்ளி கொடுத்தால் பகடையை மறுபடி உருட்டலாம். உங்கள் ஆள் தன் இயல்புப்படி நடந்ததால் சம்பாதித்த இரண்டாவது வாய்ப்பு அது. லோடு செய்வதற்குப் பதில் இதைச் செலவு செய்யுங்கள். அதுவும் கைவிட்டால், நடந்தது நடந்தது.

கிளாஸ்மேட்டோடு சண்டையை நிறுத்திவிடுங்கள். அவர் எப்படி ஆடினாலும் உங்களுக்கென்ன.

"நாமே உருவாக்கும் கேரக்டர், கேம் தரும் ரெடிமேட் கேரக்டர். கதைக்கு எது நல்லது?"
வியாசர்பாடி வாசகர்

பால்டர்ஸ் கேட் 3-ல் அஸ்டாரியன், கேல், லேசெல், ஷேடோஹார்ட், வில், கார்லக் ஆறு பேரில் யாராகவும் ஆடலாம். டார்க் அர்ஜ் (உள்ளே கொலைவெறி துரத்துகிற ஆள்) என்று ஏழாவதாக ஒன்றும் உண்டு. முதல் ஆட்டத்தில் உங்கள் சொந்த ஆளை எடுத்துக்கொண்டு இந்த ஆறு பேரையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ரகசியங்கள் வெளியே நின்று கேட்கும்போதுதான் வலிக்கும். டார்க் அர்ஜை இரண்டாவது ஆட்டத்துக்குப் பத்திரமாக வையுங்கள்.

விட்சர் 3-ல் கெரால்ட் என்பவரின் வாழ்க்கைக்குள் நாம் போகிறோம், அவருக்கு வளர்ப்பு மகள் இருக்கிறாள், தேடுகிறார். ஸ்கைரிமில் கை கட்டப்பட்டு வண்டியில் உட்கார்ந்திருப்போம், தலை வெட்டக் கூட்டிப் போகிறார்கள். நாம் யார் என்று கதை சொல்லாது, எல்லாம் நம் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில், 2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை இதுவரைக்கும் வந்ததில் உத்தமம். ஆறு வேறு வேறு தொடக்கங்கள், ஒவ்வொன்றையும் ஆடிப் பார்க்கலாம். நகரத்து எல்ஃப் எடுத்தால் உங்கள் கல்யாண நாளில் கதை தொடங்கும். அப்பா உயிரோடு இருப்பார். சேரிக்குள் நடந்தால் சொந்தக்காரர்கள் வாழ்த்துவார்கள். அடுத்து நடப்பதை நான் சொல்லமாட்டேன். ஆனால் கதையின் பிற்பாதியில் அதே சேரிக்குத் திரும்பப் போக வேண்டிவரும். பேக்ஸ்டோரியை வாசிக்கக் கொடுக்காமல் வாழக் கொடுத்திருக்கிறார்கள். வேறு எந்த கேம் ஆடினாலும், உங்கள் ஆளுக்கு அந்த மாதிரி ஒரு தெருவை மனசுக்குள் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

"என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஸ்கைரிம் என்ற விளையாட்டில் ஒரு பெண் வீராங்கனையாக ஆடுகிறான். அது போதாதென்று அவள் எழுதுவதுபோல் தினமும் நோட்டில் டைரி எழுதுகிறான். பாடம் எழுதச் சொன்னால் சலித்துக்கொள்கிறான். இது சரியா அம்மா?"
பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

உங்கள் கவலை நியாயமானது அம்மா. முதலில் ஒரு தகவல்: அமெரிக்காவில் அந்த விளையாட்டை 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். சண்டையும் ரத்தமும் உண்டு. பரீட்சை வருஷத்தில் எவ்வளவு நேரம் என்பதை நீங்களும் அவனும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டைரியை மட்டும் நிறுத்தாதீர்கள். தன்னைப்போல் இல்லாத ஒருத்தியின் பக்கத்தில் நின்று, அவளுக்கு என்ன தோன்றும் என்று யோசித்து, யாரும் கேட்காமலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் எழுதுகிறான். எனக்குக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவன் அனுமதி கொடுத்தால் படித்துப் பாருங்கள். "இவளுக்கு அம்மா இருக்காங்களா? எங்க இருக்காங்க?" என்று கேளுங்கள். அவன் அதுவரை யோசிக்காமல் இருந்திருந்தால் அன்று ராத்திரியே எழுதுவான். நேரத்தைக் குறைக்க வேண்டிவந்தால், ஆடும் நேரத்தைக் குறைத்து எழுதும் நேரத்தை விட்டுவையுங்கள்.

"பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் (வேகமான டிஸ்க்) வேணும்னு போட்டிருக்கு. என்கிட்ட அரசு குடுத்த பழைய லேப்டாப்தான். எனக்கும் கதை ஆடணும் அக்கா."
திருவொற்றியூர் வாசகி

இரண்டு வழி இருக்கிறது கண்ணு.

ஒன்று, பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். 1999-ல் வந்தது. 2017-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள், ஆண்ட்ராய்டு போனிலும் ஆடலாம். பிணவறை மேசையில் ஒருவன் கண் விழிக்கிறான், பெயர் ஞாபகமில்லை, சாகவும் முடிவதில்லை. அவனுக்கு விஸ்டம், இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா மூன்றையும் நிறையக் கொடுங்கள். சண்டை போடுவதை விடப் பேசுவதில்தான் அந்த ஆட்டம் திறக்கும். ஆங்கிலம் மூட்டை மூட்டையாக வரும், பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். இந்த அநாதைக்கு மட்டும் நான் ஆட்சேபம் சொல்லமாட்டேன். தான் யாருக்கு என்ன செய்தோம், யாரைக் கைவிட்டோம் என்று தேடுவதே அவன் கதை.

இன்னொன்று, கம்ப்யூட்டரே வேண்டாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது அது பேப்பரும் பென்சிலும் பகடையும்தான். அடிப்படை விதிகளை அதை வெளியிடுகிற கம்பெனியே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, லேப்டாப்பில் அதைப் படிக்கலாம். தோழிகள் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். ஒவ்வொருவரும் தன் கேரக்டருக்கு வீட்டில் இருக்கிற ஒரு ஆளின் பெயரையும், அந்த ஆள் கடைசியாகச் சொல்லி அனுப்பிய வார்த்தையையும் எழுதிக் கதை நடத்துகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இருபது முகப் பகடை கிடைக்கவில்லை என்றால் தேடி அலைய வேண்டாம். 1979-ல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஆட்டப் பெட்டிக்குள்ளேயே எண் அச்சடித்த அட்டைத்துண்டுகளை வைத்து விற்றார்கள். நீங்களும் 1 முதல் 20 வரை துண்டுச்சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மாறிவிடும்.